பாலன் படுத்த வைக்கோல்

ஒன்பது வயதில் நான் ஒரு புனிதையாக இருந்தேன். டிசம்பர் முதல் வாரத்தில் கிடைத்த அந்தப் பதவி, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் பறிபோனது.

போர் ஓய்ந்த வருஷம் அது. ரங்கூனுக்கு வேலைக்குப் போன அப்பாவிடமிருந்து, ஜப்பான்காரன் அங்கே நுழைந்த நாள் முதல் ஒரு வரி கடிதமில்லை. அங்கே போயிருந்த மற்றவர்கள் ஒருவர் இருவராகக் கப்பலேறி வந்துகொண்டிருந்தார்கள். சாந்தோமில் டீச்சர் வேலை பார்த்து எங்களைக் காப்பாற்றிய அம்மா, விடுமுறை நாட்களில் தபால்காரர் தெருவைத் தாண்டும்வரை வாசலைவிட்டு நகரமாட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலம் தொடங்கியதும் வகுப்பில் சிஸ்டர் ஒரு வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு நற்செயலுக்கும் ஒரு வைக்கோலைப் பெட்டியில் போட வேண்டும். பிறக்கப்போகும் பாலன் அதில் மெத்தென்று படுப்பார். பெட்டி நிறைந்தால் அப்பா வந்துவிடுவார் என்பதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். அது எனக்கும் பாலனுக்கும் நடுவே இருந்த ஒப்பந்தம்.

பால்காரரிடம் ஒரு கட்டு வைக்கோல் கேட்டு வாங்கினேன். அப்பாவின் பூட்ஸ் வந்த அட்டைப்பெட்டிதான் தொட்டில். என் பங்கு முறுக்கைத் தம்பிக்குக் கொடுத்தால் ஒரு வைக்கோல். முழங்காலில் நின்று ஜெபமாலை சொன்னால் இன்னொன்று. தம்பி அடித்து நான் திருப்பி அடிக்காவிட்டாலும் ஒன்று. அவன் சும்மா இருந்த நாட்களில் சீண்டி அடிக்க வைத்ததும் உண்டு.

தம்பிக்கு ஐந்து வயது. அப்பாவைப் போட்டோவில் மட்டும் அறிந்தவன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை பார்த்தால் பெட்டி வழிகிறது. மிச்சமிருந்த கட்டு முழுவதையும் அள்ளிப் போட்டிருக்கிறான்.

"இன்னாடா நல்லது செஞ்ச நீ, இவ்ளோ போட்டுக்கீறே?"

"பாப்பாவுக்குக் குளுரும்ல?" என்றான்.

எனக்குப் பகீரென்றது. கள்ள வைக்கோலில் பாலன் படுத்தால் ஒப்பந்தம் என்ன ஆவது? பெட்டியை வாசலுக்குத் தூக்கிப் போய் அவனுடையதை வேறாகப் பொறுக்க உட்கார்ந்தேன். எல்லாம் ஒரே மஞ்சள். நேராக இருந்தவை என்னுடையவை, மடங்கியவை அவனுடையவை என்று முடிவு செய்து பாதி பிரித்திருப்பேன். பால்காரர் மாட்டோடு வரவும், பால் பாத்திரத்தை எடுத்துப்போகச் சொல்லி அம்மா உள்ளிருந்து கூப்பிட்டாள். உள்ளே போய்த் திரும்புவதற்குள் பால்காரரின் மாடு, என்னுடையது அவனுடையது என்று பாராமல், எல்லாவற்றையும் தின்று முடித்திருந்தது.

"அப்பா இனிமே வரமாட்டாரு!" என்று தெருவே கேட்கும்படி அழுதேன். ஒப்பந்தம் அப்போதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது.

பால்காரர்தான் பதறிப்போனார். "இன்னாத்துக்கு அழுவுற பாப்பா? வாயில்லாத ஜீவன், அதுக்கு இன்னா தெரியும்? இரு, தோ வந்துட்டேன்." கொட்டிலுக்குப் போய் இரண்டு கை நிறைய வைக்கோலை அணைத்துக்கொண்டு வந்தார். பெட்டி கொள்ளாத அளவு.

நான் பெட்டியைக் கட்டிக்கொண்டேன். "இதுக்கு நாம ஒண்ணுமே செய்யலையேம்மா!"

"ஆமாண்டி, செய்யலதான்" என்று சொல்லி, அம்மா பெட்டியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி அதில் வைக்கோலைப் பரப்பினாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. தம்பி பாலனின் மண் சுரூபத்தைக் கிடத்தி, கழுத்துவரை வைக்கோலால் மூடினான். எல்லோரும் முத்தம் கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில் ஒரு நாள் அப்பா வந்து சேர்ந்தார், எலும்பும் தோலுமாக. தம்பி பயந்து அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்தான். நான் ஓடிப்போய் மடியில் ஏறிக்கொண்டேன். அத்தனை சந்தோஷத்திலும் ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது: என் வைக்கோல் ஒன்றுகூட இல்லாமல் இவர் எப்படி வந்தார்? அவருக்காவது தெரியட்டும் என்று முறுக்கிலிருந்து ஆரம்பித்து, நான் செய்த நல்லதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவர் என் தலையைத் தடவியபடி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் வாய் திறப்பதற்கு முன்பே அந்தக் கை என் தலைமேல் இருந்தது. அது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.