சந்துமுனையில் ஒரு மின்கம்பம்

வளைகுடாவில் கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் காரைக்காலுக்குத் திரும்பிய மீரா சாகிபுக்கு ஒரே ஆசைதான் மிச்சமிருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு யாரும் தள்ளாமல், சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போக வேண்டும். வீடோ சந்துக்குள். சந்திலிருந்து வெளியே வந்தால் பஸ் போகிற சாலை, ஓரமெல்லாம் பள்ளம்.

நடைபாதை வருகிறதென்று நாடா பிடித்து அளந்தார்கள். சந்துமுனையிலும் பள்ளிவாசல் எதிரிலும் சாய்தளம் வரும் என்று பொதுப்பணித்துறை ஓவர்சியர் பூமிநாதன் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். அதன்பின் கோப்பு புதுச்சேரிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. மதிப்பீடு திருத்த வேண்டும் என்றார்கள், நிதி ஒப்புதல் வரவில்லை என்றார்கள், டெண்டர் எடுக்க ஆளில்லை என்றார்கள். கேட்டுக் கேட்டு மீரா சாகிபுக்கு அந்தச் சொற்களெல்லாம் மனப்பாடம்.

திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி நெருங்கியதும்தான் கோப்பு எழுந்து உட்கார்ந்தது. பக்தர்களின் பேருந்துகளை இந்தச் சாலையில் திருப்பிவிடப் போகிறார்களாம்.

"எங்க சனி பகவான் புண்ணியத்துல ஒங்களுக்கு நடைபாதை வருது பாய். ஒரு எள்ளு தீபமாச்சும் போட்டுருங்க" என்று சீண்டினார் பக்கத்து வீட்டு சோமசேகரன்.

"தீபத்த நீங்க போடுங்க. எண்ணெய் என்னோடது" என்று மீரா சாகிபும் சிரித்தார்.

ஜல்லி வந்தது, ஆள் வந்தது. பெயர்ச்சிக்குள் முடிக்க வேண்டுமென்று பறந்தார்கள். நடைபாதை முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. ஆனால் சாய்தளம் வரவேண்டிய சந்துமுனையில் மின்கம்பம் நின்றது. அதை நகர்த்துவது வேறு இலாகாவின் வேலை. எழுதிக் கேட்டுப் பதில் வரும்வரை பெயர்ச்சி காத்திருக்குமா? சாய்தளத்தை விட்டுவிட்டு, கம்பத்தைச் சுற்றியே சிமெண்டைப் பூசிவிட்டுப் போனார் ஒப்பந்தக்காரர்.

"படத்துல சாய்தளம் இருந்துச்சே சார்?"

"இப்பவும் படத்துல இருக்குங்க பாய்" என்றார் பூமிநாதன். கம்பம் போனால்தான் இடித்துக் கட்ட முடியுமாம். அதற்குத் தனி மதிப்பீடு போட்டுப் புதுச்சேரிக்கு அனுப்பியாகிவிட்டதாம்.

அந்த வெள்ளிக்கிழமை தள்ள வந்த மனைவி சஜிதாவை வேண்டாமென்று நிறுத்திவிட்டு, மீரா சாகிப் சாலையிலேயே நாற்காலியை உருட்டினார். பின்னால் வந்த பேருந்து விடாமல் ஹாரன் அடித்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"பாய், அதான் நடைபாதை போட்டிருக்காங்கள்ல, அதுல போகக்கூடாதா?"

மீரா சாகிப் நாற்காலியை நிறுத்தித் திரும்பினார்.

"எறங்கி வந்து என்னை அதுல தூக்கி வைங்க. போறேன்."

ஓட்டுநர் இறங்கவில்லை. பயணிகள் முணுமுணுக்க, பள்ளிவாசல் வரைக்கும் பேருந்து அவர் வேகத்திலேயே ஊர்ந்து வந்தது.