யார் மூட்டை இது?

ஒரெஸ்தே வாயைத் திறந்தால் எந்த ஊர்க்காரன் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த நிலைக்கு வர அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பிறந்து வளர்ந்தது மரீனோ. ரோம் நகருக்குத் தெற்கே மலைச்சரிவில், திராட்சைக்காரர்களின் ஊர். அங்கே ஒருவர் ரகசியம் பேசினால் அடுத்த தெரு நாய் குரைக்கும். அந்த ஊரில் பிறந்த இவன், காப்பீட்டு நிறுவனத்தில் முகவராகச் சேர்ந்த பிறகு, வடக்கத்திக்காரர்களைப் போலத் தாழ்ந்த குரலில், சொல்லுக்குச் சொல் இஸ்திரி போட்டுப் பேசப் பழகிக்கொண்டான். உண்மையில் இஸ்திரி போடுகிறவள் அவன் மனைவி எர்சிலியா. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சலவைக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை. அவன் சட்டைக் காலர்கள் கத்தி மாதிரி நிற்பதெல்லாம் அவள் கைவண்ணம்தான்.

கெட்டவன் என்று அவனைச் சொல்லிவிட முடியாது. கிழவிகளை ஏமாற்றிப் பாலிசி விற்றதில்லை. குடித்துவிட்டு வீட்டுக்கு வந்ததில்லை. ஆனால் உலகத்தில் எங்கோ நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்துகொண்டு தன்னையே கவனித்துக்கொண்டிருப்பதாக அவனுக்கு ஒரு நினைப்பு. அந்த நாலு பேர் சிரித்துவிடக் கூடாதே என்று ஆயுசு முழுக்கப் பயந்தான். இப்படிப்பட்டவனுக்குத்தான் இப்படி நடக்கும்.

அந்த ஆண்டு நிறுவனத்தின் ஒன்றுகூடல், வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் ஒரு தீம் பார்க் ரிசார்ட்டில். மனைவிமாரும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் முதல்நாள் மாலையே நிறுவனப் பேருந்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரெஸ்தேயும் எர்சிலியாவும் விடிவதற்கு முன் தங்கள் காரில் கிளம்பி, பகலில் வந்து சேர்ந்தார்கள். இரவு விருந்தில் வட்டார மேலாளர் பதவி யாருக்கு என்று நிறுவனத்துப் பெரியவர் பெத்ரோத்தி அறிவிக்கப்போகிறார். அது தனக்குத்தான் என்று ஒரெஸ்தேயின் காதில் விழுந்திருந்தது. எர்சிலியா விருந்துக்கென்றே ஒரு பச்சை கவுன் தைத்துக்கொண்டாள். கசங்காமல் கார் ஜன்னலோரம் தொங்கவிட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் டிக்கியைத் திறந்தபோதுதான் அவன் அந்த மூட்டையைப் பார்த்தான். கட்டம் போட்ட மேஜைவிரிப்பை நாலு மூலையும் சேர்த்து முடிச்சுப் போட்ட பெரிய மூட்டை. அவனுக்கு முகம் வெளிறிப்போனது.

"என்ன எர்சி இது? இத எதுக்குத் தூக்கிட்டு வந்த?"

"எதுக்கா? மிளகாய் போட்ட கோழி, சோறு அடைச்ச தக்காளி, கொஞ்சம் பன்னி வறுவல். பசிச்சா நீ பாலிசியவா தின்னுவ?"

"இது ரிசார்ட்டுடி. இங்க யாரும் சோத்து மூட்டை கட்டிக்கிட்டு வர மாட்டாங்க."

"அவங்களுக்கெல்லாம் வயிறு இல்லையா?"

"என் மேலதிகாரிங்க இருப்பாங்க எர்சி."

"இருக்கட்டுமே. அவங்களுக்கும் சேத்துத்தான் செஞ்சிருக்கேன்."

மூட்டையை அவனே தூக்கிக்கொண்டான். உடம்போடு ஒட்டி, யார் கண்ணிலும் படாதபடி, திருட்டுக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறவன் மாதிரி நடந்தான்.

எர்சிலியாவை மரியாதை தெரியாதவள் என்று நினைத்துவிடக் கூடாது. மரீனோ ஒயின் கடைகளில் ஒரு முறை உண்டு. ஒயினும் மேஜையும் கடைக்காரருடையது, சாப்பாடு நம் வீட்டிலிருந்து வரவேண்டும். மூட்டையைப் பிரித்ததும் பக்கத்து மேஜைக்கு ஒரு துண்டு போகும், அங்கிருந்து ஒன்று வரும். ஒயின் வாங்காமல் மூட்டையைப் பிரிக்கிறவன்தான் அங்கே பண்பு கெட்டவன். ஊரில் இதைத் தப்பென்று சொன்னவர் கிடையாது. நகரத்துக்காரர்கள் மட்டும் மூட்டைக்காரர்கள் என்று கேலி பேசுவார்கள். பேசிவிட்டு ஞாயிற்றுக்கிழமை அவர்களே வந்து ஒரு துண்டு கேட்பார்கள்.

ரிசார்ட் உணவகத்தின் திறந்த மாடியில் ஏரியைப் பார்த்தபடி ஒரு மேஜை காலியாக இருந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்த உணவை இங்கே சாப்பிடக் கூடாது, வாசலுக்கு வெளியே புல்வெளியில் சாப்பிடலாம் என்று படிக்கட்டருகே பலகை வைத்திருந்தார்கள். ஒரெஸ்தே படித்தான். அவளிடமும் சொன்னான்.

"அது ஒண்ணும் வாங்காம உக்கார்றவங்களுக்கு," என்றாள் எர்சிலியா. "நாமதான் ஒயின் வாங்கப்போறோமே. வாங்கிட்டா மேஜை நம்மளுது. நீ உக்காரு, நான் போய் ரெண்டு கிளாஸ் வாங்கிட்டு வரேன்." மூட்டையை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, கீழே ஒயின் வரிசையில் நிற்கப் போய்விட்டாள்.

அவள் தலை மறைந்ததுதான் தாமதம், பெத்ரோத்தி வந்துவிட்டார். கூடவே அவர் மனைவி லவீனியா, வெள்ளைக் கால்சட்டையும் அகலத் தொப்பியுமாக.

"அடடே, ஒரெஸ்தே! எப்ப வந்தீங்க? ஏன் தனியா உக்காந்திருக்கீங்க? எங்க மேஜைக்கு வாங்க."

அவன் எழுந்து அவர்களோடு இரண்டு மேஜை தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

"வீட்டுல வரலையா?" என்று லவீனியா கேட்டாள். எர்சிலியாவை அவர்கள் இருவரும் பார்த்ததே இல்லை.

வந்திருக்கிறாள், ஒயின் வரிசையில் நிற்கிறாள் என்று சொன்னால் அடுத்த நிமிடம் அவள் இங்கே வருவாள். வந்தால் மூட்டையும் வரும். இந்தக் கணக்கைப் போட அவனுக்குக் கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"அவளுக்கு உடம்பு சரியில்ல மேடம். கடைசி நேரத்துல வர முடியாமப் போச்சு."

"அடப் பாவமே," என்றாள் லவீனியா. பிறகு மூக்கைச் சுருக்கினாள். "ஏதோ பூண்டு வாசன வருதுல்ல? அங்க பாருங்க, அந்த மேஜைக்கடியில. யாரோ மூட்டைக்காரங்க வந்திருக்காங்கபோல!"

பெத்ரோத்தி குலுங்கிச் சிரித்தார். ஒரெஸ்தேயும் சிரித்தான்.

பரிமாறுகிறவன் வந்தான். "சார், நீங்கதான் அந்த மேஜையில இருந்தீங்க. அது உங்க மூட்டையா?"

"என்னுது இல்லையே," என்றான் ஒரெஸ்தே. "நான் வரும்போதே அங்க இருந்துச்சு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவன் சோற்றையே மறைத்தான். புனித வாரத்தில் இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்த கதையைப் பாதிரியார் வாசிக்கும்போதெல்லாம், இப்படியும் ஒருவன் செய்வானா என்று முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டுகிறவன் இவன். பேதுருவைச் சுற்றியாவது போர்ச்சேவகர்கள் நின்றார்கள். இவன் எதிரில் இருந்தது ஒரு தொப்பியும் ஒரு கோப்பை ஆரஞ்சுச் சாறும்.

விஷயம் அதோடு முடியவில்லை. ஆளில்லாத மூட்டை, அதுவும் கூட்டமான இடத்தில். பரிமாறுகிறவன் யாரையோ கூப்பிட்டான், அவன் காவலாளியைக் கூப்பிட்டான். மாடி முழுவதையும் காலி செய்யச் சொன்னார்கள். சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தவர்கள் முணுமுணுத்தார்கள், குழந்தைகள் அழுதன. மஞ்சள் நாடாவைக் கட்டி எல்லோரையும் படிக்கட்டுப் பக்கம் நிறுத்தினார்கள். ஒரு காவலாளி வெடிகுண்டு மோப்ப நாயைக் கூட்டிவர ஓடினான்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மன்னிச்சிடுங்க, என் மூட்டைதான், கோழிக்கறி என்று நாலே வார்த்தை. ஆனால் சொன்ன பொய்க்கு ஒவ்வொரு நிமிடமும் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. இப்போது சொன்னால் மூட்டைக்காரன் என்ற பேரோடு பொய்யன் என்ற பேரும் சேரும். நாடாவைப் பிடித்தபடி நின்றான்.

நாய் வந்தது. மூட்டையை ஒரு சுற்றுச் சுற்றி மோந்தது. வாலை ஆட்டியது. பிறகு அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்துவிட்டது. காவலாளி மெதுவாக முடிச்சை அவிழ்த்தான். நீல எனாமல் சட்டி, காகிதத்தில் பொதிந்த ரொட்டி, வரிசையாக அடுக்கிய தக்காளிகள், ஒரு சின்னத் தர்பூசணி. கூட்டம் ஓவென்று சிரித்துக் கை தட்டியது.

"கோழிக் குண்டு!" என்று பெத்ரோத்தி கத்தினார். கண்ணில் நீர் வரச் சிரித்து, ஒரெஸ்தேயின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

அந்த நேரத்தில்தான் எர்சிலியா, கைக்கொன்றாக இரண்டு கிளாஸ் ஒயினைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். தான் ராத்திரி கண்விழித்துச் சமைத்ததையெல்லாம் கடைபரப்பி வைத்துக்கொண்டு ஊரே சிரிப்பதைப் பார்த்தாள். பரிமாறுகிறவனிடம் என்னவென்று கேட்டாள்.

"யாருதுன்னே தெரியலம்மா. அந்த மேஜையில இருந்த சாரக்கூடக் கேட்டோம்," என்று அவன் கையைக் காட்டினான். "அவருது இல்லையாம்."

எர்சிலியா காட்டிய திசையில் பார்த்தாள். கணவன் முதுகில் ஒரு பெரிய மனிதரின் கை இருந்தது. அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் நாடாவுக்கடியில் குனிந்து உள்ளே போனாள். "என்னுதுதாங்க," என்றாள்.

"ஏம்மா, உங்களுக்கு அறிவிருக்கா? இப்படியா போட்டுட்டுப் போவாங்க?" என்று காவலாளி சீறினான். "கூட யாரு வந்திருக்காங்க?"

ஒரெஸ்தே ஓரடி பின்வாங்கினான். அவள் இப்போது கையை நீட்டி, இதோ என் புருஷன் என்று சொல்லிவிடுவாள் என்று பயந்தான். சொல்லிவிடட்டுமே என்று மனதின் ஒரு மூலையில் ஏங்கவும் செய்தான்.

"யாரும் வரல," என்றாள் எர்சிலியா. "நான் தனியாத்தான் வந்தேன்."

"தனியாவா? அப்ப ரெண்டு கிளாஸ் எதுக்கு?"

"ரெண்டும் எனக்குத்தான். தாகமா இருக்கு."

மறுபடியும் சிரிப்பு. அவள் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக, நின்றபடியே குடித்து முடித்தாள். சட்டியை மூடி, நாலு மூலையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். கக்கத்தில் இடுக்கவில்லை. தலையை நிமிர்த்தி, முன்னால் பிடித்துக்கொண்டு போனாள்.

"உங்க ஊர்ப்பக்க ஆளு மாதிரி இருக்கே ஒரெஸ்தே?" என்றாள் லவீனியா.

"இருக்கலாம் மேடம்," என்றான் அவன்.

தலைவலி என்று சொல்லி அவன் அங்கிருந்து நழுவியது வெகுநேரம் கழித்துத்தான். வாசலுக்கு வெளியே புல்வெளியில், மரத்தடியில் எர்சிலியாவைக் கண்டான். கட்டம் போட்ட விரிப்பைச் சுற்றி முன்பின் தெரியாத ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. லாரி ஓட்டுகிறவர்போலக் கழுத்து பருத்த ஒருவர், அவர் மனைவி, மாமியார். எர்சிலியாவின் கோழி அவர்கள் தட்டில், அவர்களுடைய பாலாடைக்கட்டி இவள் தட்டில்.

"எர்சி," என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வாங்க. யாரத் தேடுறீங்க?"

"எர்சி, நான் வந்து…"

"பசியா வந்திருப்பீங்க. உக்காருங்க. தக்காளி இன்னும் ரெண்டு இருக்கு."

லாரிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்குத் தெரிஞ்சவராம்மா?"

"மேல மாடியில பாத்த முகம். பெரிய ஆளுங்களோட நின்னுக்கிட்டிருந்தாரு."

"நான் இவ புருஷன்," என்றான் ஒரெஸ்தே. பல வருடங்களுக்குப் பிறகு அசல் மரீனோப் பேச்சில், பக்கத்து மரத்தடிவரை கேட்கும்படி சொன்னான்.

எர்சிலியா தக்காளியைத் தட்டில் வைத்தாள். "இங்க சொல்றதுக்குத் தைரியம் வேணாங்க. இங்க எல்லாருமே மூட்டைக்காரங்கதான். அங்க போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் எங்கயும் போகமாட்டேன்."

அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். பக்கத்தில்தான் இருந்தது. விரிப்பின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தான். மற்றவர்களுக்குக் கேட்காதபடி, இஸ்திரி போட்ட பழைய குரலில் சொன்னான்.

"நாளைக்குச் சொல்லிடறேன் எர்சி. இன்னைக்கு ராத்திரி மட்டும் எப்படியாவது…"

தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் சாப்பிட்டான். வெட்கத்தில் தொண்டை அடைக்கும் என்பார்கள். அவனுக்குச் சாப்பாடு இறங்கியது, அதுதான் கேவலம்.

இரவு விருந்துக்குத் தனியாகப் போனான். பச்சை கவுன் கார் ஜன்னலிலேயே தொங்கியது. பதவி அவனுக்கே கிடைத்தது. மறுநாளும் அவன் சொல்லவில்லை, அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. எர்சிலியா அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. சண்டையும் கிடையாது. முன்போலவே சமைக்கிறாள், காலருக்கு இஸ்திரி போடுகிறாள். நீ, வா என்பது மட்டும் போய்விட்டது. நீங்க, வாங்க, சாப்பிடுங்க என்கிறாள். புருஷனுக்குப் பதவி வந்ததும் எர்சிலியா கொடுக்கிற மரியாதையைப் பார்த்தாயா என்று மரீனோவில் எல்லோரும் மெச்சிக்கொள்கிறார்கள்.