டெங்கு பார்க்க வந்தவர் திறந்த மூடி

இன்று காலை டெங்கு பரிசோதனைக்காகச் சுகாதாரப் பரிசோதகர் கண்டி மஹய்யாவயில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் தயாராகத்தான் இருந்தேன். பூச்சாடித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்தட்டு எல்லாவற்றிலும் இருந்த தண்ணீரை நேற்றே கொட்டித் துடைத்துவிட்டேன்.

அவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். மகளின் இருமலுக்காக வாங்கிய, காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபயர் கட்டிலருகே ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"இதுல தண்ணி எப்ப மாத்துனீங்க அக்கா?"

"முடிய முடிய ஊத்துறேன் சேர்."

"கழுவுனது எப்ப?"

வாங்கி ஒரு மாதம். ஒருநாளும் கழுவவில்லை. இருமலும் நின்றபாடில்லை.

அவர் மூடியைத் திறந்தார். "விரல விட்டுப் பாருங்க."

உள்ளே இளஞ்சிவப்பாக, வழுவழுவென்று ஒரு படலம். அருவருப்பை விட ஆச்சரியம்தான் அதிகம். குடிக்கிற தண்ணீரைத்தானே ஊற்றினேன், இது எங்கிருந்து முளைத்தது?

"நுளம்புப் புழு இல்ல. ஆனா பாக்டீரியா வளந்திருக்கு. அதத்தான் புள்ள மூச்சுல இழுக்குது."

தினமும் மீதித் தண்ணீரைக் கொட்டி, கழுவி, காயவைக்க வேண்டுமாம். வாரம் ஒருமுறை வினாகிரி விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலச வேண்டுமாம்.

போகும்போது, மூன்று நாள் மழையில் காயாமல் கொடியில் தொங்கிய மகளின் சீருடையைப் பார்த்தார்.

"அக்கா, கண்டியில காத்துக்கு ஈரம் பத்தலன்னு யாரு சொன்னா?"

யார் சொன்னது? மகளின் இருமலுக்கு ஹியூமிடிஃபயர் வாங்கலாமா என்று போன மாதம் நான் இங்கே போட்ட பதிவின் கீழ் "உடனே வாங்குங்க" என்று எழுதிய பதினொரு பேர்தான். எல்லோரும் முதலில் உங்கள் வீட்டு ஹியூமிடிஃபயர் தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு வந்து பதில் போடுங்கள்.