மான்சிக் அடைத்த ஓட்டை

வீடு மாற்றுகிற லாரியில் சாமான் அடுக்குவதற்கு க்வாக் மான்சிக்கை மிஞ்ச கொரியாவின் தேஜான் நகரத்தில் ஆள் கிடையாது. இதை அவரே எல்லோரிடமும் சொல்லிவிடுவார், நமக்குச் சிரமம் வைக்கமாட்டார். இரண்டு சாமானுக்கு நடுவே விரல் நுழைந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. போகிற வழியில் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் ஃபிரிட்ஜை ஏற்றுவார். திருப்பங்கள் பிடிக்கவில்லை என்றால் வழியையே மாற்றிவிடுவார். ஒரு ஃபிரிட்ஜின் சௌகரியத்துக்காக நாங்கள் ஊரைச் சுற்றிய நாட்கள் உண்டு.

அந்தக் குழுவில் சமையலறைச் சாமான் கட்டுகிறவள் நான். எல்லோருக்கும் சித்தி. மான்சிக்குக்கு ஐம்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. நூடுல்ஸ் கடை ஓக்ஜூ மேல் உயிர். அவள் கணவனை இழந்தவள், ஆனால் வாயைத் திறந்தால் கடையே சிரிக்கும். ஒரு வருஷமாகத் தினமும் மதியம் அங்கேதான் எங்களுக்குச் சாப்பாடு. "இன்னும் கொஞ்சம் முள்ளங்கி குடுங்க" என்பதைத் தாண்டி இந்த மனிதர் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பார்க்கிற எனக்குத்தான் எரிச்சலாக வரும்.

ஓக்ஜூ வீடு மாற்றும் வேலை எங்களுக்கே வந்தது, அதுவும் பேய்களெல்லாம் விடுப்பில் போவதாக ஊர் நம்புகிற நல்ல நாளில். அன்றைக்குத்தான் ஊரில் பாதிப்பேர் வீடு மாறுவார்கள்.

"இன்னிக்கு என் வேலைய அவங்க பாக்கட்டும் சித்தி. பாத்துட்டாங்கன்னா, தைரியமா பேசிடுவேன்" என்றார் மான்சிக்.

பார்த்தாள். நான் மாடியில் தட்டுகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். கீழே அவள் குரல் கேட்டது.

"அடேயப்பா, சுவர் எழுப்புன மாதிரி இருக்கே! ஆனா அந்த பீரோ பக்கத்துல ஒரு ஓட்டை தெரியுதே?"

லாரிக் கதவு ஒன்று திறந்து மூடியது. பிறகு மான்சிக்கின் குரல்: "இப்ப எங்க இருக்கு ஓட்டை, சொல்லுங்க?"

அவள் கைதட்டினாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, புது வீட்டு வாசல் வரை.

அங்கே சாமானை மேலே ஏற்றுகிற ஏணி வண்டி நாலாவது மாடி ஜன்னலில் சாய்ந்து தயாராக இருந்தது. மான்சிக் மாப்பிள்ளை மாதிரி லாரிக் கதவைத் திறந்தார்.

"முதல்ல சோறு வடிக்கிற குக்கர குடுங்க. அது போகாம ஒரு துரும்புகூட உள்ள போகக்கூடாது" என்றாள் ஓக்ஜூ.

இது இந்த ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அதற்காகத்தான் குக்கரைத் தனியாக முன்சீட்டில் வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் சீட் காலி.

"சித்தி..." என்றார் மான்சிக். முகத்தில் ரத்தமே இல்லை. "குக்கர் ஓட்டைல இருக்கு."

"எந்த ஓட்டைய்யா?"

"பீரோ பக்கத்து ஓட்டை. அளவு அவ்ளோ கச்சிதமா இருந்துச்சு சித்தி, கை சும்மா இருக்கல."

பீரோ இருந்தது லாரியின் அடி ஆழத்தில், பிறகு ஏற்றியதெல்லாம் அதற்கு முன்னால். மொத்தத்தையும் இறக்காமல் வழியில்லை.

"அண்ணே, இந்த இறுக்கு இறுக்கியிருக்கீங்களே, உள்ள காத்தாவது போச்சா?" என்றான் ஏணி வண்டிக்காரன் பில்கு.

கட்டில், சோபா, வாஷிங் மெஷின் எல்லாம் சந்துக்கு வந்தன. போகிற பெரியவர் ஒருவர் சோபாவில் உட்கார்ந்து விலை கேட்டார். வீடு மாறுகிற நாளின் வழக்கப்படி சொல்லியிருந்த கறுப்பு நூடுல்ஸைக் கொண்டுவந்த ஆள், நடுச்சந்தில் கிடந்த சாப்பாட்டு மேசையில் பரப்பிவிட்டு, "வீடு நல்லா காத்தோட்டமா இருக்கு" என்று போனான். ஓக்ஜூ மட்டும் கண்ணாடி மேசை முன்னால் உட்கார்ந்து ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. மான்சிக்கின் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

கடைசியில் குக்கர் வந்தது. வியர்வை ஒழுக, தலையைக் குனிந்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"மன்னிச்சிருங்க முதலாளியம்மா. நீங்க பாக்குறீங்கன்னு புத்தி கெட்டுப் போச்சு."

இந்த ஒரு வருஷத்தில் அவர் அவளிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். ஓக்ஜூ குக்கரை வாங்கவில்லை.

"எங்க ஊர் வழக்கம் ஒண்ணு இருக்கு" என்றாள். "குக்கர யாரு முதல்ல உள்ள கொண்டுபோறாங்களோ, அவங்கதான் அதுல முதல் சோறு சாப்பிடணும். தூக்கிட்டு வாங்க. அங்க எங்கயும் ஓட்டைய தேடாதீங்க."

மான்சிக் குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் பின்னால் படியேறினார்.

"இப்படியும் ஒரு வழக்கமா சித்தி?" என்றான் பில்கு.

ஓக்ஜூ பிறந்த ஊர்தான் நானும். இப்படி ஒரு வழக்கத்தை என் ஆயுசில் கேட்டதில்லை.

"ரொம்பப் பழைய வழக்கம்டா. நீ சோபாவ அப்புறம் ஏத்து, அவங்க சாப்பிடட்டும்" என்றேன்.