போணி ஆகாமல் பேசாத எங்கள் அம்மா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களே, அம்மா இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. ஓடியது என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். எனக்கு நகரவே இல்லை.

அம்மா பிறந்தது கொட்டிவாக்கம் குப்பத்தில். வாழ்க்கைப்பட்டு வந்தது மயிலாப்பூர்க் கடற்கரைக்கு. அப்பா மஞ்சள் காமாலையில் போனபோது நான் கைக்குழந்தை, அண்ணன் அப்போதுதான் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தான். துக்கம் கழிந்ததும் மீன்கூடையைத் தூக்கிய அம்மா, கடைசிவரை அதைக் கீழே வைக்கவில்லை.

சாலையோர மீன்கடைகளை எடுக்கச் சொன்னபோது குப்பத்துப் பெண்கள் கூடையோடு நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் அம்மா. அதிகாரி ஒருவர் வந்து நின்றபடி பேசினார். "நீயும் ஒக்காந்து பேசு சார். அண்ணாந்து பாத்துக்கினே கீறதுல கய்த்து வலிக்குது" என்றார் அம்மா. அவரும் உட்கார்ந்துவிட்டார்! கடைகள் இன்றும் அங்கேயேதான் இருக்கின்றன.

அந்தப் போராட்டத்தை ஆவணப்படமாக எடுக்க வந்தவள் மாடவீதிப் பெண். மீனைத் தொட்டுக்கூட அறியாதவள். காலையில் கேமராவை வைத்துக் கேள்வி கேட்டால் அம்மா வாயே திறக்கவில்லை. "இன்னும் போணி ஆவல. அதுக்கு முன்னாடி கதை பேசுனா யாவாரம் படுத்துக்கும். நீ வாங்கு, பேசறேன்."

பாவம், அவள் ஒரு கூறு சங்கரா மீன் வாங்கிப் பையை எட்டப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இத ஆத்துக்கு எடுத்துண்டு போனா என்னை உள்ளயே விடமாட்டா" என்று முனகினாள். அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! மதியம் அதையே குழம்பு வைத்துப் படமெடுக்க வந்த பிள்ளைகளுக்குப் போட்டார். அவளுக்கு மட்டும் ரசமும் அப்பளமும்.

படம் முடிவதற்குள் அம்மாவை மாரடைப்பு கொண்டுபோய்விட்டது. வீட்டில் அம்மாவின் போட்டோ உண்டு, குரல் இல்லை. அந்தக் குரலுக்குத்தான் ஏங்கிக் கிடந்தேன்.

போன மாதம் எங்கள் தெருவில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைப் போட்டார்கள். போராட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்த அம்மா சட்டென்று திரும்பி, "ஏ லச்சுமி! ஐஸ் எட்த்தாடி, மீனு காயுது" என்று கத்தினார்.

"தோ வரேம்மா" என்று எழுந்தே விட்டேன். கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

அம்மாவைத் தோளில் சுமந்த உறவுகளுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த தெருவுக்கும் நன்றி. படமெடுத்த பெண்ணே, "அக்கா, அம்மா ஐஸ் கேக்கற அந்த இடம் போராட்டத்துக்குச் சம்பந்தமில்லாம இருக்கு, வெட்டிடட்டுமா?" என்று கேட்டாயே.

வேண்டாம் தாயே. என்னை அப்படிக் கூப்பிட இனி வேறு யாருமில்லை.