மூன்று ஊர் ஃப்ளாப்பியும் ஒரு வீட்டுப் பெயரும்

ஃப்ளாப்பி உள்ளே போனதும் அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டி எழுப்பிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கர்ர்... டக். கர்ர்... டக். வெற்றிலை இடிக்கிறவள் நடுநடுவே எதையோ நினைத்து நிறுத்துவதுபோல. கோப்புகளைப் பூட்டிக் காப்பது என் வேலை. அதில் பூட்டு ஒருநாளும் தொந்தரவு கொடுத்ததில்லை. திறக்க உரிமை உள்ளவர்கள்தான் கொடுத்தார்கள். கடவுச்சொல்லை மறந்துவிட்டுக் கைபேசியை முறைத்துக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, நீங்கள் இன்று படும் பாட்டை நான் எண்பதுகளின் கடைசியிலேயே மதுரையில் பட்டு முடித்துவிட்டேன்.

எங்கள் முதலாளி நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர், சௌராஷ்டிரக் குடும்பம். பரவை, சமயநல்லூர், திருப்பரங்குன்றம் மூன்றிலும் சாயப்பட்டறை, மதுரை ஊருக்குள் அலுவலகம். எந்த நிறத்துக்கு எந்தச் சாயம் எவ்வளவு என்ற கலவைதான் அவருடைய சொத்து. அதை ஒரே இடத்தில் வைக்க அவருக்குப் பயம். அதனால் ஒவ்வொரு கலவையையும் மூன்று பகுதியாக வெட்டி, ஓர் ஊருக்கு இரண்டு பகுதி என்று, அட்டைபோல் வளையும் அந்தக் காலத்து ஃப்ளாப்பியில் பிரித்து வைத்தோம். எந்த இரண்டு ஊர் சேர்ந்தாலும் முழுக் கலவை வரும். ஒன்று மட்டும் திருட்டுப் போனால் திருடனுக்கு அரைகுறைதான். சேர்த்த பிறகும் திறக்க ஒரு சொல் வேண்டும். "ஒரு கலர் வெளிய போனாலும் சரி, தொலைஞ்சு போனாலும் சரி, பெட்டியையும் உங்களையும் சேர்த்து அனுப்பிருவேம்மா" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். தமிழ் எம்.ஏ.வும் டைப்பிங்கும் படித்திருந்தேன். வேலை போனால் அண்ணன் வீட்டுச் சமையற்கட்டைத் தவிர எனக்கு வேறு அறை கிடையாது.

சந்தனம்

ஆயுத பூஜை முடிந்து திறந்த முதல் நாள், பரவை ஃப்ளாப்பியைப் போட்டால் பெட்டி முனகுகிறது, படிக்க மறுக்கிறது. வெளியே எடுத்துப் பார்த்தேன். பட்டறை மேனேஜர் முத்துக்கருப்பன் தராசு, அண்டா, பம்பு செட் எல்லாவற்றுக்கும் வைத்ததுபோல் அதற்கும் பொட்டு வைத்திருந்தார். வைக்க வாகாக, உள்தகடு தெரிகிற திறப்பு ஒன்று இருந்ததால் சரியாக அதிலேயே, சந்தனமும் குங்குமமும், கையால் நன்றாக அழுத்தி.

மற்ற இரண்டு ஊர் ஃப்ளாப்பியையும் வரவழைத்துப் புதிதாக ஒன்று செய்து கொடுத்தேன். இனிமேல் இதற்குப் பொட்டு வேண்டாம் என்று நயமாகத்தான் சொன்னேன். அவருக்கு மனம் ஆறவில்லை. "அம்புட்டுக்கும்தான் பொட்டு வச்சேன் மேடம். தராசு ஏதாச்சும் சொன்னுச்சா? இதுக்கு மட்டும் என்ன இம்புட்டுப் பவுசு?"

மடிப்பு

சமயநல்லூர் ஃப்ளாப்பியைக் கொண்டு வருகிறவன் பாண்டி. அங்கே கிளார்க். அன்று டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே என் மேசைக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து வைத்தான். நான்காக மடித்திருந்தது. வேட்டி கூட அவ்வளவு கச்சிதமாக மடிந்து நான் பார்த்ததில்லை. நான் அதை ஒவ்வொரு மடிப்பாக விரிப்பதைப் பார்த்து அவனாகவே விளக்கம் சொன்னான். "பஸ்ல கூட்டம்க்கா. என்னையவே மடிச்சுத்தான் உள்ள விட்டாங்க."

டீக்கடை

சொல்லை மாதாமாதம் மாற்ற வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது என்று விதி போட்டிருந்தேன். பாண்டியும் தன் பட்டறைப் பெட்டியில் விதிப்படி மாற்றினான். ஆனால் புதுச் சொல்லை எனக்குத் தெரிவிக்க வேண்டுமே. சமயநல்லூரில் தொலைபேசி இருந்தது பட்டறை வாசல் பக்கம், எதிரே டீக்கடை. லைனில் கடல் இரைகிற மாதிரி இரைச்சல் வரும். பாண்டி எழுத்தெழுத்தாகக் கத்துவான். நான் இங்கிருந்து "என்னது?" என்பேன். அவன் இன்னும் பலமாகக் கத்துவான்.

ஒருமுறை முதலாளியோடு சமயநல்லூர் போயிருந்தேன். பாண்டி சாப்பிடப் போயிருந்தான். என் கையில் இருந்த சொல்லுக்குப் பெட்டி திறக்கவில்லை. முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். டீ கொண்டு வந்த கடைக்காரர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு டம்ளரை வைத்தார். "அது போன மாசத்துச் சொல்லு தாயீ. பாண்டியண்ணே நேத்துப் புதுசு சொல்லிட்டாரு, நீங்க வெளியூரு போயிருந்தியளோ?"

அரக்கு

அன்று என்னை வீட்டுக்கு அனுப்பாமல் விட்டது முதலாளியின் பெருந்தன்மை. ஆனால் அரக்கு நிறத்துக்கு மட்டும் இனித் தானே சொல் வைப்பதாக அறிவித்தார். கல்யாணச் சேலைக்கு அவருடைய அரக்கைத்தான் தறிக்காரர்கள் கேட்பார்கள். தினமும் என்னைச் சுவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, தோள் துண்டைக் கை மேல் போர்த்திக்கொண்டு தட்டுவார். எனக்கு விசைகளின் தாளம் மட்டும் கேட்கும்.

கார்த்திகையில் ஒரு காலை குளியலறையில் விழுந்தார். வலது கையும் பேச்சும் போயின. தை முகூர்த்தத்துக்குத் தறிகள் அரக்கு நூலுக்குக் காத்திருந்தன. நான் எல்லாச் சாமி பேரையும் தட்டினேன், பிள்ளைகள் பேரைத் தட்டினேன், கார் நம்பரையும் தட்டினேன். பெரிய மகன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, பழசாக விற்றால் என்ன கிடைக்கும் என்று என்னிடமே விசாரித்தான்.

கடைசியில் வீட்டுக்கே போய் முதலாளியின் மனைவியிடம் கேட்டேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலை குனிந்தார். தெரியும் அவருக்கு. மாமியார் தன் மகனைச் சின்ன வயதில் கூப்பிட்ட வீட்டுப் பெயர்தான் அந்தச் சொல் என்பதுவரை சொன்னார். கூப்பிட்டவர்கள் யாரும் இப்போது இல்லை. மனைவியிடம் மட்டும் முதலாளி சொல்லி வைத்திருந்தார். காரணம் எளிது: புருஷன் பேரை அந்த அம்மா செத்தாலும் சொல்ல மாட்டார். மூன்று ஊரில் நான் பிரித்து வைத்ததைவிடப் பத்திரமான இடம்.

எழுதியாவது காட்டுங்கள் என்றேன். எழுதினால் மட்டும் சொன்னதாகாதா என்று கேட்டார். வேறு வழியில்லாமல் தரையில் உட்கார்ந்து அகரத்திலிருந்து தொடங்கினேன். நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, சரியான இடத்தில் அவர் தலையை ஆட்ட வேண்டும். முதல் எழுத்து கிடைக்கவே காப்பி ஆறிப்போயிற்று. கட்டிலிலிருந்து முதலாளி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருபக்க வாய் மட்டும் மேலே இழுத்தது. அது சிரிப்பு என்று அந்த அம்மாதான் எனக்குச் சொன்னார்.

அன்று மாலை அலுவலகத்தில் அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் இப்படியும் அப்படியும் மாற்றிப் போட்டதில், பெட்டி கர்ர்... டக் என்று திறந்தது. அரக்கு வந்தது, என் வேலையும் தப்பியது. அந்தப் பெயரை நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடமும் சொல்லப் போவதில்லை. அன்று மதியம் அவர் வீட்டிலிருந்து நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து அந்த அம்மா தாழ்ந்த குரலில் சொன்னது இதுதான்: "நான் சொல்லலை, நீங்களாக் கண்டுபிடிச்சீங்க. அவர் எந்திரிச்சுக் கேட்டா அப்படித்தான் சொல்லணும்."

நான் விதி போட்டுக் காத்த சொல்லையெல்லாம் டீக்கடை அறிந்திருக்க, மதுரையில் ஒழுங்காகக் காக்கப்பட்ட ஒரே ஒரு சொல், கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத ஒருத்தியிடம் இருந்தது. முதலாளி எழுந்திருக்கவில்லை, ஆடி பிறக்கும் முன்பே காலமானார்.