அக்காவிடமிருந்து பிடுங்கிய வேலைகள்

அறுபதுகளின் தொடக்கம். பினாங்கில் கடை வைத்திருந்த மச்சான், அதாவது என் அக்காவின் கணவர், மவுத்தாகிவிட்டார் என்று தந்தி வந்தது. நான் சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட புதிது. அடித்துப் பிடித்துக்கொண்டு கடலூரில் எங்கள் தாய்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா அழுதுகொண்டே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் முறத்தில் விழுந்தது; கை மட்டும் நிற்கவில்லை.

சின்னம்மா ஓடி வந்து முறத்தைப் பிடுங்கினார். "இத்தாவுல இருக்கிற பொண்ணு வேலை செய்யறதா? ஊரு எங்களை இன்னா பேசும்? நீ சும்மா ஒக்காரும்மா, நாங்க பாத்துக்கிறோம்."

இத்தா என்பது கணவனை இழந்த பெண் சில மாதங்கள் வீட்டோடு இருக்கும் காலம். வெளியே சுற்றாதே, அலங்கரித்துக்கொள்ளாதே என்பதுதான் மார்க்கம். அரிசி புடைக்காதே என்று எங்கும் சொல்லவில்லை. எங்கள் வீட்டார் பாசத்தில் அதையும் சேர்த்துக்கொண்டார்கள். பாசக்காரர்களிடம் யார் சட்டம் பேசுவது?

அக்காவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. விடிவதற்குள் வாசல் பெருக்கிக் கோழிகளைத் திறந்துவிட்டிருப்பாள். மச்சான் கப்பலேறிப் போன ஒவ்வொரு முறையும் அந்த வேலைகள்தான் அவளைத் தாங்கின. "கை சும்மா இருந்தா கண்டதும் தோணுதுடி" என்பாள். இப்போது உள்ளறையில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். சாப்பாடு அங்கேயே வந்தது. தலையைக்கூட யாரோ வாரிவிட்டார்கள்.

அடுத்த முறை நான் போனபோது அவள் பேச்சு பாதியாகியிருந்தது. அதற்கடுத்த முறை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "அவளுக்கு ஏதாச்சும் வேலை குடுங்கம்மா" என்று அம்மாவிடம் சண்டை பிடித்தேன்.

"புருசனைப் பறிகுடுத்தவளை வேலை வாங்கச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?" என்று அம்மாவும் அழுதார். அந்த வீட்டில் கெட்டவர் ஒருவரும் இல்லை. அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

இத்தா முடிந்த அன்று புதுப் புடவையோடு வந்து, "வெளிய வாம்மா" என்றார்கள்.

"வந்து இன்னா செய்ய?" என்று கேட்டாள்.

அவள் வரவில்லை. ஓதி ஊதினார்கள், தாயத்துக் கட்டினார்கள். அந்த அறையும் பாயுமே அவளுக்கு நிலைத்துப்போயின.

சில வருடங்களில் என் கணவரும் போய்ச் சேர்ந்தார். அவர் மய்யத்தை அடக்கம் செய்த மறுநாள் காலை எழுந்து நேரே சமையலறைக்குப் போனேன். மாமியார் வீட்டுப் பெண்கள் பதறிப்போய் என் கையிலிருந்த அம்மிக் குழவியைப் பிடித்தார்கள். "கையை எடுங்க!" என்று கத்தினேன். எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அரைத்தேன், அழுதேன், மறுபடியும் அரைத்தேன். துக்கம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் மதியம் பசித்தது.

துக்கத்துக்குக் கடலூரிலிருந்து வந்தவர்கள், அறையை விட்டு வராத அக்காவையும் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்தார்கள். சமையலறை மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன் ஒரு தட்டில் பூண்டை வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஒற்றை ஆளாகக் குடும்பம் நடத்திய என் அக்கா, சுற்றியிருந்த பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, பயந்த குரலில் கேட்டாள்:

"நான் உரிக்கலாமா? யாரும் திட்ட மாட்டீங்களே?"